வேலி சாய்ந்த கச்சேரி

லென்ஸைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை. எதை வாங்குவது, எது இருட்டில் நன்றாக எடுக்கும் என்றெல்லாம் சொல்ல உங்கள் கைப்பேசிக்குள்ளேயே ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கடையை மூடிக் கேமராவைப் பீரோவில் வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான். அதைத்தான் கேட்க வேண்டும் நீங்கள்.

தெருவில் படம் எடுக்கிறோம், கச்சேரிகளில் படம் எடுக்கிறோம் என்று என்னைப் பார்க்க வருகிற எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "ரீட்டாக்கா, கண்ணெதிர்ல ஏதாவது ஆயிடுச்சுன்னா படம் எடுக்கிறதா, ஓடிப்போய் உதவி பண்றதா?" பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. பட்டிமன்றத்துக்கு நடுவர் உண்டு, சால்வை உண்டு, தீர்ப்புச் சொன்னதும் எல்லோரும் சாப்பிடப் போகலாம். மைதானத்தில் அதெல்லாம் கிடையாது. கையில் ஒரு கேமரா, சுற்றிலும் ஜனம், யோசிக்க நேரமில்லை, அவ்வளவுதான். எனக்கு அப்படி ஒரு சாயங்காலம் வாய்த்தது. அதைச் சொல்கிறேன். நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகாதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நெய்வேலி மெயின் பஜாரில் என் ஸ்டுடியோ இருந்தது. வீட்டுக்காரர் சுரங்கத்தில் பர்மனென்ட், குடியிருக்கக் குவார்ட்டர்ஸ், அதனால் சோற்றுக்குக் கவலையில்லை. பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும் கடை வாடகைக்கு. மற்றதெல்லாம் என் பைத்தியம். ஜெனரல் ஷிப்ட் முடிந்து சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொண்டு வருகிற நேரத்தில் ஏதாவது ஒரு முக்கில் நின்றுகொள்வேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நல்ல சேலையைக்கூட மாற்றாமல் சந்தைக்குப் போய்விடுவேன். டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் ஆர்க்கெஸ்ட்ரா என்றாலும் மேடைக்குக் கீழே நான் இருப்பேன். பொம்பளை ஒருத்தி கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு ஆம்பளைக் கூட்டத்தில் நிற்பதைப் பார்த்து ஆரம்பத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போகப் போக அவர்களே, "டேய், அக்காவுக்கு வழி வுடுறா" என்று ஆளைத் தள்ளிவிட்டு இடம் பிடித்துத் தந்தார்கள்.

அதற்குக் காரணம் என் ஷோகேஸ். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வாரத்துத் தெருப் படங்களைக் கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிவைப்பேன். ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, அதில் தாங்கள் இருக்கிறோமா என்று தேடுவார்கள். எல்லா ஜில்லாவிலிருந்தும் வேலைக்கு வந்து சேர்ந்த ஜனம் அது. திருநெல்வேலிக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் பிரதி வாங்கி ஊருக்கு எழுதும் கடிதத்துக்குள் வைத்து அனுப்புவார்கள். ஷோகேஸில் வந்துவிட்டவர் அந்த வாரம் முழுக்க கேன்டீனில் காலை ஆட்டிக்கொண்டு டீ குடிப்பார்.

இதில் எனக்கு ஒரு தலைவலியும் சேர்ந்து வந்தது. ஃப்ளாஷ் ஒரு தடவை மின்னினால் போதும், எங்கெங்கிருந்தோ ஆட்கள் ஓடி வருவார்கள். தலையைக் கோதிக்கொண்டு, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி வரிசையாக நின்றுவிடுவார்கள். அதுவரை தெருவில் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்த எதுவோ அத்தோடு போயிற்று. நான் வாயில் வந்தபடி திட்டுவேன். சிரிப்பார்களே தவிர நகர மாட்டார்கள். ஒருத்தன் படம் எடுக்கிற இடம் நல்ல இடம், அங்கே போய் நின்றால் நல்லது நடக்கும் என்பது அவர்கள் நினைப்பு. அதனால் தெருவிலும் கச்சேரியிலும் ஃப்ளாஷைத் தொடுவதே இல்லை என்று வைத்திருந்தேன். இருக்கிற வெளிச்சத்தில் மூச்சை அடக்கி எடுத்துவிடுவேன்.

அந்தப் பொங்கல் வாரத்துக் கச்சேரிக்கு ஃப்ளாஷைக் கொண்டுபோனது விழாக் கமிட்டிக்காரருக்காக. சிறப்பு விருந்தினருக்குத் தான் பொன்னாடை போர்த்துவது பளிச்சென்று விழ வேண்டும் என்று மூன்று நாளாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். சரி, தொலையட்டும் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்குப் பாட வந்தவர்களில் முக்கியமானவர் குமரவேல். குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆள். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை வாரிப் போடுவது. டவுன்ஷிப்புக்கு வெளியே வாடகை வீடு, மனைவி அஞ்சலை, ஒரே மகள் வெண்ணிலா. ஷிப்ட் முடிந்து வருகிற கூட்டத்தில் பார்த்தால் பத்தோடு பதினொன்று, கரியில் முகமே தெரியாது. மேடையில் ஏறி மைக்கைப் பிடித்துவிட்டால் ஆபீசர்கள்கூடப் பேரைச் சொல்லிக் கைதட்டுவார்கள். "பாடிக்கினு இருக்கிறப்பதாங்க்கா நான் ஒரு ஆளு" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

வெண்ணிலா அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பா பாடுகிற கச்சேரி எங்கே நடந்தாலும் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். அடுத்த வரி என்ன என்று அப்பாவுக்கு முன்னால் அவள் வாய் அசைந்துகொண்டிருக்கும். மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் இடது கைப் பக்கம், வேலி ஓரம், அதுதான் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடம். சவுக்குக் கட்டை நட்டுக் குறுக்கே மூங்கில் கட்டிய வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட பள்ளம். வலது கைப் பக்கம் வேலியே இல்லை, திறந்த வெளி. பின்னால் வாசல் இருந்தது. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் சைக்கிள்கள், ஒன்றின் ஹேண்டில்பாரில் இன்னொன்று மாட்டிக்கொண்டு கிடந்தன.

விளக்கு வைக்கிற நேரம் கழிந்து கொஞ்சம் ஆகியிருந்தது. பொன்னாடையெல்லாம் போர்த்தி முடித்து, விருந்தினர் காரில் ஏறிப் போய்விட்டார். குமரவேல் டப்பாங்குத்துப் பாட்டு ஒன்றை எடுத்தார். மைதானம் மொத்தமும் உட்கார்ந்தபடியே தாளத்துக்குக் கைதட்டியது. நான் மேடைக்குக் கீழே, அவர் காலடியில் நின்றிருந்தேன். ரோலில் ஒன்றோ இரண்டோதான் மிச்சம் என்று கணக்கு வைத்திருந்தேன்.

வலது பக்கம் கம்பத்தில் கட்டியிருந்த சீரியல் செட் ஒயர் அறுந்து பொறி பறக்கக் கீழே விழுந்தது. "கரண்டு கம்பி அறுந்துடுச்சு" என்று ஒரு குரல். வேறு ஊராக இருந்தால் நாலு பேர் வேடிக்கை பார்க்க ஓடியிருப்பார்கள். இது கரண்ட் தயாரிக்கிற ஊர். கரண்ட் என்ன செய்யும் என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், கண்ணால் பார்த்தவர்களும் இருந்தார்கள். வலது பக்கத்து ஜனம் அப்படியே எழுந்து இடது பக்கம் சாய்ந்தது. முன்னால் பிள்ளைகள் இருப்பது பின்னால் தள்ளியவர்களுக்குத் தெரியாது. வேலி படபடவென்று முறிகிற சத்தம் கேட்டது. கட்டைகள் பள்ளத்துப் பக்கம் சாய, அதன்மேல் பிள்ளைகள், பிள்ளைகள்மேல் பெரியவர்கள். பள்ளத்துக்குள் முழுசாக விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மூங்கிலுக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவே கால்கள் மாட்டிக்கொண்டன. பின்னாலிருந்து நெருக்குகிறவர்கள் நெருக்கிக்கொண்டே இருந்தார்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்த பெரும் கூட்டத்துக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையின் உயரத்திலிருந்து குமரவேலுக்குத்தான் முதலில் தெரிந்தது. பாட்டு வரியின் நடுவில் அறுந்தது. டிரம்ஸ்காரர் என்னவென்று புரியாமல் இரண்டு அடி அடித்துவிட்டு அவரும் நிறுத்திவிட்டார்.

அந்த அமைதியைத்தான் சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள். பாட்டு நின்றதும் நடுக்கூட்டம் எழுந்திருக்க ஆரம்பித்தது. மண்ணிலிருந்து அத்தனை பேர் எழுந்திருக்கிற சரசரப்புச் சத்தம். இவர்களும் இடது பக்கம் திரும்பினால் அடியில் இருக்கிற பிள்ளைகள் கதி என்ன? வாசலுக்கு ஓடினால் அந்தச் சைக்கிள்களுக்குள் விழுந்து மிதிபடப் போவது எத்தனை பேர்?

குமரவேல் மைக்கை இறக்கிவிட்டுக் கீழே குதிக்கப் போனார். நான் அவர் பேண்ட்டின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுங்கக்கா, எம்பொண்ணு வேலிக்கு அடியில மாட்டிக்கினு இருக்குது."

"தெரியுது. நீ பாட்டை நிறுத்தினா எல்லாரும் எழுந்துடுவாங்க. எல்லாரும் அவ மேலதான் விழுவாங்க. பாடு."

"அக்கா, எப்படிங்கக்கா..."

"பாடு குமரவேலு. நான் போறேன்."

என் முகத்தைப் பார்த்தார். கும்பிடுகிற மாதிரியும் இருந்தது, கொலை செய்கிற மாதிரியும் இருந்தது அந்தப் பார்வை. பிறகு மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். விட்ட இடத்திலிருந்து அதே டப்பாங்குத்தை எடுத்தார். டிரம்ஸ்காரர் பிடித்துக்கொண்டார். எழுந்தவர்களில் பாதிப் பேர் ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று மறுபடி உட்கார்ந்தார்கள்.

நான் ஓட ஆரம்பித்தேன். பாட்டு நிற்காமல் இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவர் பாடிக்கொண்டே வேலிப் பக்கம், மேடையின் இடது விளிம்புக்கு வந்திருந்தார். என் கை கேமராவைத் தூக்கியது, ஒரு படம் எடுத்தது. ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். கை பழகிவிட்டது, அவ்வளவுதான். உங்களுக்கும் பழகும். லீவரைத் தள்ளினேன், நகரவில்லை. ஃபிலிம் முடிந்திருந்தது.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? வேலிப் பக்கம்தானே? அங்கே ஏற்கெனவே தேவைக்கு மேல் ஆள். போகிற ஒவ்வொருவரும் அந்த நெருக்கலுக்கு இன்னொரு உடம்பு. நான் வேலிக்கு எதிர்ப் பக்கம், ஒயர் அறுந்து விழுந்த வலது பக்கம் ஓடினேன். வீரம் கீரம் ஒன்றும் இல்லை, பயந்துகொண்டேதான் ஓடினேன். சீரியல் செட் போட்டவர் அங்கே கம்பத்தடியில் வெளிறிப்போய் நின்றிருந்தார். கரண்ட் போய்விட்டதா என்று கத்திக் கேட்டேன். பேச வராமல் கையை நீட்டிக் காட்டினார், சீரியல் செட் லைனிலிருந்து பிடுங்கிய ஃப்யூஸ் கட்டை கையில் இருந்தது. அந்த ஒயரில் உயிர் இல்லை, அங்கே பயம் இல்லை என்று அவருக்கும் எனக்கும்தான் தெரியும். ஜனத்துக்கு அதை எப்படிச் சொல்வது? கத்தினால் காதில் விழாது. விழுந்தாலும் "கரண்டு" என்ற ஒரு வார்த்தைதான் விழும்.

சவுண்ட் சர்வீஸ்காரருடைய மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன்மேல் ஏறினேன். பையிலிருந்து ஃப்ளாஷை எடுத்துக் கேமராமேல் பொருத்தினேன். படம் எடுக்காமல் சும்மா அடித்துப் பார்க்க அதில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். நெருக்கிக்கொண்டு நிற்கிற கூட்டத்தின் முதுகைப் பார்த்து அடித்தேன். ஒருவரும் திரும்பவில்லை.

அந்தக் காலத்து ஃப்ளாஷ் ஒரு தடவை அடித்தால் மறுபடி தயாராக நேரம் எடுக்கும். கீச்சென்று மெல்லிசாக ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போகும், பின்னால் குட்டியாகச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். கல்யாண வீட்டில் அது ஒரு நொடியாகத் தெரியும். அன்றைக்கு அந்த விளக்கு எரியவே போவதில்லை என்று நினைத்தேன். அந்தப் பக்கம் குமரவேல் பாடிக்கொண்டிருக்கிறார், குஷியான பாட்டு, ஜனம் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டலுக்கு அடியில் பிள்ளைகள் அலறுவது எனக்குக் கேட்கிறது. எரிந்தது. அடித்தேன். ஓரத்தில் நின்ற இரண்டு மூன்று பையன்கள் திரும்பினார்கள்.

"குரூப் போட்டோடா! வர்றவங்க வாங்க, திங்கக்கிழமை ஷோகேஸ்!" என்று கையை ஆட்டினேன்.

முதலில் அந்தப் பையன்கள் வந்தார்கள். மறுபடி காத்திருப்பு, மறுபடி மின்னல். பத்து இருபது பேர் திரும்பினார்கள். அவர்கள் முகத்தில் பயம் அப்படியே இருந்தது, ஆனால் கால் என்னைப் பார்த்து நடந்தது. அந்தக்கா அங்கே நின்று படம் எடுக்கிறாள், அப்படியானால் அங்கே ஒன்றும் இல்லை. அதுதான் அவர்களுக்கு எட்டியது. ஒருவர் நகர்ந்தால் அவர் பின்னால் நின்றவருக்கு இடம் கிடைக்கிறது, அவர் திரும்புகிறார். பேட்டரி இறங்க இறங்க அந்தச் சத்தம் ஏறுவது தாமதமானது. வெளிச்சம் வராத நேரத்திலும் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், உயரமானவங்க பின்னால" என்று நடித்தேன். எந்த ஜனத்தை வருஷக்கணக்காகத் திட்டித் தீர்த்தேனோ அந்த ஜனம் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு என் முன்னால் வரிசையாக நின்றது. அவர்களைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

இடது பக்கம் இளகியது. கமிட்டிக்காரர்களும் டிரம்ஸ் தூக்குகிற ஆட்களும் சேர்ந்து மூங்கிலைத் தூக்கிப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வெண்ணிலாவைத் தூக்கியதை நான் பார்க்கவில்லை. பாட்டு சட்டென்று நின்றது. அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. சிராய்ப்பு, வீக்கம், இரண்டு பேருக்கு எலும்பு முறிவு. அதில் ஒன்று வெண்ணிலா, இடது கால், முழங்காலுக்குக் கீழே. மறுநாள் ஒரு பத்திரிகைக்காரத் தம்பி கடைக்கு வந்து வேலி சாய்ந்த படம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவு பக்கத்திலே இருந்தும் எடுக்கவில்லையா என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை அதைவிட மோசம். காலையிலேயே ஒரு பட்டாளம், "எங்கக்கா எங்க குரூப் போட்டோ?" ரோல் வெளிச்சம் பட்டு வீணாகிவிட்டது என்று பொய் சொன்னேன். இதுகூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதா என்று ஒருத்தர் எனக்குப் பாடம் நடத்தினார். வாயை மூடிக்கொண்டு கேட்டேன், நானா அது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை உங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அஞ்சலை கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உள்ள மாட்டிக்கினு அப்பா அப்பான்னு கத்திக்கினே இருந்துச்சாம். அவுரு பாடிக்கினே இருந்தாராம். நீங்கதான் பாடச் சொன்னீங்களாமே?"

நான்தான் சொன்னேன் என்றேன். பாட்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். அதெல்லாம் தனக்கும் புரிகிறது, வீட்டுக்காரர் சொல்லிவிட்டார் என்றாள். புரிய வேண்டியது பிள்ளைக்குத்தான். நான் கூப்பிட்டேன், அப்பா வரவில்லை, அப்புறம் எதற்கு அவரிடம் பேச வேண்டும் என்று பிள்ளை கேட்கிறதாம். அப்பா உள்ளே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. அவர் ஊட்டினால் சாப்பிடுவதில்லை. ஒரு நாள் குளிக்கும்போது அவர் தன்னை அறியாமல் ஏதோ முணுமுணுத்திருக்கிறார், இது காதைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறது. அதிலிருந்து அவர் வாயே திறப்பதில்லை. ஆர்க்கெஸ்ட்ரா ட்ரூப்காரர்கள் கூப்பிட வந்தபோது தொண்டை சரியில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். வேலைக்குப் போகிறார், வருகிறார், கரியோடு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்.

எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டாள். "உங்க புள்ளையா இருந்தா பாடச் சொல்லியிருப்பீங்களா?"

இன்றைக்கு அதே மைதானத்தில் நிறுத்தினாலும் பாடு என்றுதான் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் கேட்டது அதை இல்லையே. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், அவள் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம், ஓடும்போது குமரவேலை எடுத்தேனே, அந்தப் படத்தின் நெகட்டிவை எடுத்தேன். பொன்னாடைப் படத்துக்காக ரோலைக் கழுவியபோதே கடைசி ஃப்ரேமைப் பார்த்திருந்தேன். அபாரமாக விழுந்த ஃப்ரேம் அது. ஷோகேஸில் வைத்திருந்தால் ஊரே நின்று பார்த்திருக்கும். ஒரு மனுஷன் அந்த நிலையில் இருப்பதைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை, அப்படியே உறையில் போட்டு வைத்திருந்தேன். உங்களில் சிலர் இப்போதெல்லாம் எடுத்த நிமிஷமே ஊருக்குக் காட்டிவிடுகிறீர்கள். கொஞ்சம் உறையில் கிடக்கட்டும் என்று நினைத்துப் பாருங்கள், குடி முழுகிப்போகாது.

பெரிய அளவில் பிரிண்ட் போட்டேன். கழுத்து நரம்பு புடைத்து, வாய் பாட்டுக்குத் திறந்து, கண் இரண்டும் வேலிப் பக்கம் குத்தி நின்றிருந்தது. பிள்ளைக்கு இந்தக் கண்ணைக் காட்டினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உறையில் போட்டுக்கொண்டு மறுநாள் மொபெட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

வெண்ணிலா மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குமரவேல் ஷிப்ட் முடிந்து வந்து, குளிக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அஞ்சலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே நின்றுகொண்டாள். வா என்று சொல்லவில்லை. 

உறையிலிருந்து படத்தை எடுத்து வெண்ணிலாவின் மடியில் வைத்தேன். "அன்னிக்கு எடுத்தது. அப்பா கண்ணு எங்க பாக்குதுன்னு பாரு."

பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "என்னயத்தான் பாக்குறாரு. எனக்குத்தான் தெரியுமே. பாத்தாரு, வரல."

இருந்ததும் போயிற்று, கெட்டதை இன்னும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். படத்தைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், படத்தின்மேல் ஒரு விரலை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனாள்.

"இது என்னாது அத்தை?"

"மைக் வயரும்மா."

"எதுக்கு இப்படி இழுத்துக்கினு நிக்குது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ட்ரூப்களிடம் வயர் இல்லாத மைக் கிடையாது. குமரவேல் கையிலிருந்த மைக்கிலிருந்து கிளம்பிய வயர், தரையைத் தொடாமல், ஒரே விறைப்பாகப் பின்னால் போயிருந்தது. அது செருகியிருந்த பெட்டியே அவர் பக்கம் சாய்ந்து நின்றது. அவருடைய ஒரு கால் மேடை விளிம்புக்கு வெளியே இருந்தது. நெகட்டிவைப் பார்த்தேன், பிரிண்டைக் கையால் கழுவிக் காயவைத்தேன், என் கண்ணுக்கு இது படவே இல்லை. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

"இதுக்கு மேல வராதா?" என்று கேட்டாள்.

"வராதும்மா."

வெண்ணிலா படத்திலிருந்து தலையைத் தூக்கி வாசற்படியைப் பார்த்தாள். "வயரு பத்தலயாப்பா?"

அத்தனை நாளில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. குமரவேல் வாயைத் திறந்தார். மைக்கைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அடுப்படியில் நின்ற அஞ்சலைக்கும் தெரியும். அவர் பொய் பேசுகிற மனுஷன் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அஞ்சலை கரண்டியோடு வெளியே வந்து முந்திக்கொண்டாள்.

"பத்தலடி," என்றாள்.

குமரவேல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். விரலிடுக்கில் கரி கரைந்து ஓடியது. வெண்ணிலா படத்தை மடியில் இறக்கி வைத்தாள்.

"அடுத்த தடவ நீட்டு வயரா எடுத்துக்கினு போப்பா," என்றாள்.